வெள்ளைத் தேயிலை: சுடுதண்ணியிலா, குளிர்தண்ணியிலா?

கொழும்பு வெள்ளவத்தைப் புழுக்கத்தில், சில்வர் டிப்ஸ் எனும் மொட்டு மட்டுமே கொண்ட வெள்ளைத் தேயிலையைக் குடிக்க இரண்டு வழி உண்டு.

சுடுதண்ணி என்றால், கேத்தல் கொதித்ததும் மூடியைத் திறந்து கொஞ்சம் ஆறவிடுங்கள். 75–80 பாகை போதும். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் கயர்ப்பு ஏறிவிடும். கோப்பைக்கு 2 கிராம், 5 நிமிடம். வெள்ளிப் பூனைமயிர் போர்த்த மொட்டுகள் முதலில் மிதக்கும், பிறகு ஒவ்வொன்றாய் நிமிர்ந்து இறங்கும். சாயம் வெளிர்மஞ்சளாய்த் தெளிய, தேன் வாசம் எழும். அதே மொட்டில் இரண்டாம் முறையும் ஊற்றலாம்.

குளிர்தண்ணிக்கு, ஒரு லீட்டரில் 8 கிராம் போட்டு இரவு முழுக்க பிரிட்ஜில் வைத்தால் சரி. கயர்ப்புக் குறைந்து இனிப்புத் தூக்கும்; வாசம்தான் அடங்கிவிடும்.

மத்தியான வெயிலுக்குக் குளிர்தான் சுகம். ஆனாலும் விலை கொடுத்து வாங்கிய மொட்டை, அந்த வாசத்துக்காகவே நான் சூடாகத்தான் குடிப்பேன். பாலும் சீனியும் இரண்டிலும் வேண்டாம்.