பட் ஆர்.டி.சி. டீசல் பெட்டி: ஒரு மதிப்புரை

அமெரிக்க ரயில்வேக்கள் நீராவி எஞ்சின்களை ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டிருந்த 1949ஆம் ஆண்டில், பிலடெல்ஃபியாவைச் சேர்ந்த பட் நிறுவனம் ‘ரயில் டீசல் கார்’ என்ற பெயரில், தனி எஞ்சின் எதுவும் இழுக்காமல் தானே ஓடக்கூடிய பயணிகள் பெட்டி ஒன்றைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. கிளைப்பாதைகளில் ஒரு எஞ்சினும் இரண்டு பெட்டிகளும் பாதிகூட நிறையாமல் ஓடி நட்டத்தைக் கூட்டிக்கொண்டிருந்த நேரம் அது. சுருக்கமாக ஆர்.டி.சி. எனப்பட்ட இந்தப் பெட்டி 1962 வரை 398 எண்ணிக்கையில் தயாரானது. இயந்திரம் என்ற அளவில் இது முதல்தரமானது என்பதே என் கணிப்பு. வாங்கியவர்கள் அதை எந்த நோக்கத்தோடு வாங்கினார்கள் என்பதில்தான் எனக்குக் குறை உண்டு.

முதலில் இயந்திரத்தைப் பார்ப்போம். 85 அடி நீளமுள்ள பெட்டியின் தரைக்கு அடியில் டெட்ராய்ட் டீசல் நிறுவனத்தின் ஆறு சிலிண்டர் எஞ்சின்கள் இரண்டு பொருத்தப்பட்டிருக்கின்றன; தொடக்க காலப் பெட்டிகளில் ஒவ்வொன்றும் 275 குதிரைத்திறன் கொண்டது. இதற்கு முன்பு கிளைப்பாதைகளில் ஓடிய பெட்ரோல்-மின் பெட்டிகள் எஞ்சினால் மின்னாக்கியைச் சுழற்றி, அந்த மின்சாரத்தால் மோட்டாரை ஓட்டியவை. எடை அதிகம், வேகமெடுப்பு மந்தம். பட் பொறியாளர்கள் அந்தச் சுற்றுவழியை விட்டுவிட்டு, இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்த எம்46 பேட்டன் டாங்கிக்காக அலிசன் நிறுவனம் உருவாக்கியிருந்த, எஞ்சினின் சுழற்சியைத் திரவத்தின் வழியாகக் கடத்தும் நீரியல் விசைமாற்றியை எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு எஞ்சினும் தன் பக்கத்துப் போகியின் (பெட்டியைத் தாங்கும் சக்கரச் சட்டத்தின்) உட்புற அச்சை மட்டும் சுழற்றுகிறது. வெளி அச்சுகள் சும்மா உருளுகின்றன. ஒரு எஞ்சின் பழுதானாலும் மற்றொன்றின் துணையோடு வண்டி ஊர் போய்ச் சேர்ந்துவிடும் என்பது இந்த அமைப்பின் பெரிய வசதி.

உடல் முழுவதும் துருப்பிடிக்காத எஃகு. 1934இல் அதே எஃகில் பயோனியர் செஃபிர் ரயிலைக் கட்டிப் பேர் வாங்கிய நிறுவனம் என்பதால், எஃகுத் தகடுகளின் வலிமை குலையாமல் நொடிப்பொழுதில் பற்றவைக்கும் நுட்பம் அதன் கைக்குள் இருந்தது. பெயின்ட் அடிக்கும் செலவே இல்லை. கூரையின் நடுவில் புடைத்து நிற்கும் திமில்தான் இதன் அடையாளம். ரேடியேட்டர்கள் அதற்குள் இருக்கின்றன. டிஸ்க் பிரேக்கோடு, சக்கரம் இறுகிச் சறுக்கத் தொடங்கும்போதே உணர்ந்து பிரேக்கைத் தளர்த்தும் கருவியும் உண்டு. மணிக்கு 85 மைல் வரை ஓடக்கூடிய பெட்டி, அடிக்கடி நின்று கிளம்ப வேண்டிய புறநகர்ப் பாதையில் நீராவி வண்டியை எளிதாகப் பின்தள்ளியது. முனைக்கு முனை ஓட்டுநர் இடம் இருந்ததால், கடைசி நிலையத்தில் வண்டியைத் திருப்பவேண்டிய வேலையும் ஒழிந்தது.

உட்கார்ந்து பயணம் செய்பவருக்கு எப்படி? குளிர்சாதன வசதியும் பெரிய சன்னல்களும் கிளைப்பாதைப் பயணிகளுக்கு அதுவரை கிடைக்காத சுகம். ஆனால் எஞ்சின்கள் இருப்பது காலடியில் என்பதை மறக்க முடியாது. நிலையத்திலிருந்து கிளம்பும்போது உறுமல் ஒரேயடியாக உயர்ந்து, வண்டியின் வேகம் மெல்ல அதை எட்டிப் பிடிக்கும். சன்னல் விளிம்பில் முழங்கையை ஊன்றினால் அதிர்வு கைக்குத் தெரியும். ஓட்டுநருக்கோ தனி அறைகூடக் கிடையாது. ஏறி இறங்கும் வாசல் மேடையின் ஒரு மூலைதான் அவர் இடம்.

கட்டமைப்பில் எனக்குப் படும் பெரிய குறை, இது வேறு பெட்டிகளை இழுப்பதற்காகச் செய்யப்படவில்லை என்பது. கூட்டம் கூடும் நாளில் பழைய பெட்டி ஒன்றைப் பின்னால் கோத்துக்கொள்ள முடியாது, இன்னொரு ஆர்.டி.சி.தான் வேண்டும். பலவற்றை இணைத்து ஒரே ஓட்டுநர் இயக்கலாம் என்றாலும், ஐந்தாறு பெட்டிகள் ஆனபின் பத்துப் பன்னிரண்டு எஞ்சின்களைப் பராமரிக்க வேண்டியிருக்கிறது. அந்த இடத்தில் சிக்கனக் கணக்கு தலைகீழாகிறது. 1956 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலிஸின் ரெடோண்டோ சந்திப்பில் சாண்டா ஃபே ரயில்வேயின் இரு ஆர்.டி.சி. பெட்டிகள் கவிழ்ந்து 30 பேர் இறந்ததையும் குறிப்பிட வேண்டும். ஆனால் மணிக்கு 15 மைல் வரம்புள்ள வளைவில் ஏறத்தாழ 70 மைல் வேகத்தில் நுழைந்த வண்டி அது. அந்தப் பழியைப் பெட்டியின் தலையில் போடுவது நியாயமாகாது.

வாங்கியவர்களில் பாஸ்டன் அண்ட் மெயின் ரயில்வேக்கு முதலிடம்; நூற்றுக்கு மேற்பட்ட பெட்டிகளை வாங்கித் தன் பயணிகள் சேவையையே அவற்றின் மீது ஏற்றியது. பால்டிமோர் அண்ட் ஒஹையோ 1956இல் பிட்ஸ்பர்க் பாதையில் உணவு வசதியோடு ஓட்டியது. வெஸ்டர்ன் பசிபிக் இன்னும் துணிந்து, ஓக்லண்டுக்கும் சால்ட் லேக் சிட்டிக்கும் இடையே 900 மைலுக்கு மேற்பட்ட தூரத்தை ‘செஃபிரெட்’ என்ற பெயரில் ஒற்றைப் பெட்டியிடம் ஒப்படைத்தது. 1950 முதல் 1960 வரை அது ஓடியது. பெட்டியின் உழைப்புக்கு அது நல்ல சான்று. இரவெல்லாம் சாய்ந்து கிடந்த பயணியைக் கேட்டால் வேறு விதமாகச் சொல்லியிருப்பார். (நியூயார்க் சென்ட்ரல் 1966இல் ஒரு பெட்டியின் கூரையில் இரண்டு ஜெட் எஞ்சின்களை ஏற்றி மணிக்கு 183 மைலுக்கு மேல் ஓட்டிப் பார்த்தது. வேடிக்கைக்கு நன்று.)

பல நிர்வாகங்களுக்கு இந்தப் பெட்டி, சேவையை மூடும் வழியில் ஓர் இடைநிலையமாகவே பயன்பட்டது. நான்கு பெட்டி வண்டி ஒற்றைப் பெட்டியாகும், நடைகளின் எண்ணிக்கை குறையும், பயணிகள் காரை நாடுவார்கள், பிறகு ‘ஆளில்லை’ என்று காட்டி அந்தச் சேவையை நிறுத்த அனுமதி கேட்பார்கள். மிச்சப்பட்ட பணத்தில் கூடுதல் நடைகள் விட்டிருந்தால் இதே பெட்டி வேறு கதையைச் சொல்லியிருக்கும்.

1970களின் இறுதியில் பட் கொண்டுவந்த எஸ்.பி.வி.-2000 இதன் வாரிசு என்று சொல்லிக்கொண்டாலும், பழுதுக்குப் பேர்போனதாக முடிந்தது. மூத்ததோ கனடாவில் சட்பரிக்கும் ஒயிட் ரிவருக்கும் இடையே சாலை எட்டாத காடுகளினூடே நீண்ட காலம் உழைத்திருக்கிறது. வகைகளில் எதைப் பரிந்துரைப்பேன் என்றால், 90 இருக்கைகள் கொண்ட ஆர்.டி.சி.-1ஐ விட, 70 சொச்சம் இருக்கைகளோடு சரக்கு அறையும் உள்ள ஆர்.டி.சி.-2ஐத்தான்; அந்தக் காட்டுப் பாதையில் பயணிகள் தங்கள் படகையே வண்டியில் ஏற்றிக்கொண்டு போவது அப்படிப்பட்ட சரக்கு அறை இருப்பதால்தான்.