மடியாத கதிரை: மூன்று சில்லுச் சக்கர நாற்காலியும் வன்னி மாரியும்

முன் சில்லின் பெயாரிங்கை மாற்றிய பிறகு என்னுடைய மூன்று சில்லுச் சக்கர நாற்காலி மறுபடியும் புதிது போல ஓடுகிறது. பழைய நான்கு சில்லுக் கதிரையில் கிரவல் ஒழுங்கைக்குள் இறங்கினால் முன்னாலுள்ள இரண்டு சின்னச் சில்லுகளும் புதைந்து ஆளை முகங்குப்புறத் தள்ளிவிடும். இதில் முன்னால் ஒரே ஒரு பெரிய சில்லு, அதுவும் நன்றாக முன்தள்ளி இருப்பதால், வாய்க்கால் வரம்பிலும் மதகு ஏற்றத்திலும் யாரையும் கூப்பிடாமல் போய்வருகிறேன். பின் சில்லுகளுக்குச் சைக்கிள் ரயரும் ரியூப்பும்தான் போட்டிருக்கிறார்கள். எந்தச் சந்தியில் காற்றுப் போனாலும் அங்குள்ள சைக்கிள் கடையிலேயே ஒட்டிக்கொள்ளலாம். கிளிநொச்சியின் உட்கிராமம் ஒன்றில், முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டு இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் வாழ்பவனுக்கு இது சிறிய விடயம் அல்ல.

ஆனால் இந்தக் கதிரை மடியாது. பின் சில்லுகளை அச்சோடு கழற்றலாம். இரும்புச் சட்டகம் மட்டும் அதே நீளத்தில், அதே பிடிவாதத்தோடு நிற்கும். பேருந்தில் ஏற்ற முடியாததையும் முச்சக்கரவண்டிக்காரர் முகம் சுளிப்பதையும் பொறுத்துக்கொள்ளலாம். வெள்ள இரவில் நடந்ததை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

2018 டிசெம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டு, எங்கள் பக்கத்துத் தாழ்நிலங்கள் எல்லாம் நீருக்குள் போன இரவில், உழவு இயந்திரப் பெட்டியில் ஆட்களை ஏற்றினார்கள். "அண்ணை, முதலில் உங்களை ஏற்றுவம், கதிரையைப் பிறகு பார்ப்பம்" என்றார் ஒரு தம்பி. அவரைக் குறை சொல்ல மாட்டேன். பெட்டி நிறையக் கைக்குழந்தைகளும் வயதானவர்களும் இருந்தார்கள், தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. என்னைத் தூக்கிப் போனார்கள், கதிரை வேலியோடு கட்டப்பட்டு நின்றது. அது திரும்பி வரும்வரை, எங்களைக் கொண்டுபோய்த் தங்கவைத்த பாடசாலையின் பிளாஸ்டிக் கதிரையில் இருந்தேன். உணர்வில்லாத உடம்பு அடிக்கடி நிமிர்த்தி அழுத்தம் குறைக்கப்பட வேண்டும், அதற்கென்று செய்த இருக்கை மெத்தையும் வேண்டும். என் மெத்தையோ கதிரையோடு வெள்ளத்தில் ஊறிக்கொண்டிருந்தது. அப்போது பிடித்த அழுத்தப்புண் ஆற மாதக்கணக்கானது. வெள்ளம் என் உடம்பில் கை வைக்கவில்லை, கதிரையை விட்டுவிட்டு வந்ததுதான் வைத்தது.

இடைத்தங்கல் முகாமாக்கப்பட்ட அந்தப் பாடசாலையிலும் வாசலில் மூன்று படிகள் இருந்தன. அவற்றின் உயரம் ஏறத்தாழ ஒன்றரை அடி. ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்ற கணக்கின்படி பதினெட்டு அடிச் சாய்தளம் ஒன்று போதும். மலசலகூடக் கதவு ஒடுக்கம், உள்ளே குந்தியிருப்பதற்கான பீங்கான். நீண்ட முன்புறம் உள்ள என் கதிரை அங்கே திரும்பவும் மாட்டாது என்பதை நியாயத்துக்காகச் சொல்ல வேண்டும். ஆனால் பழைய கதிரைக்கும் அந்தக் கதவு இடம் கொடுத்திராது. தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வதுதான் எங்களைப் போன்றவர்கள் முகாமில் கண்டுபிடிக்கும் வழி, அது சிறுநீர்த் தொற்றில் கொண்டுபோய் விடும்.

சட்டம் இல்லாமல் இல்லை. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 28 ஆம் இலக்கச் சட்டம் 1996 இல் வந்தது. பொதுக் கட்டடங்களின் அணுகல் வசதிக்கான ஒழுங்குவிதிகள் 2006 இல் வெளியாகின. புதிய பொதுக் கட்டடங்கள் அவற்றுக்கு அமைய இருக்க வேண்டும் என்று 2011 இல் உயர் நீதிமன்றமும் பணித்தது. இலங்கை 2016 இல் ஏற்றுறுதி செய்த, மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையின் 11 ஆம் உறுப்புரை, போரிலும் இயற்கை அனர்த்தத்திலும் மாற்றுத்திறனாளிகளின் பாதுகாப்பை உறுதிசெய்யும் கடமையை அரசின் மேல் வைக்கிறது. 20 ஆம் உறுப்புரை நடமாட்டத்துக்கான துணைக்கருவிகளைப் பேசுகிறது. இந்த இரண்டையும் சேர்த்து வாசிக்கும் எனக்கு, ஆளையும் கதிரையையும் ஒன்றாக ஏற்றுவது உதவியாகத் தெரியவில்லை, உரிமையாகத்தான் தெரிகிறது. போரில் தோள்களிலும் சைக்கிள் கரியரிலும் காயப்பட்டவர்களைச் சுமந்த மண்ணில் இதை விளக்கிச் சொல்ல வேண்டியிருப்பது எனக்கு வேதனை.

ஒட்டுசுட்டானில் இருக்கும் நண்பர் ஒருவர், தனக்கும் இந்த வகைக் கதிரையைக் கேட்டு விண்ணப்பிக்கலாமா என்று அண்மையில் கேட்டார். இவ்வளவு புகழ்ந்த பிறகும், வேண்டாம், மடியும் நான்கு சில்லுக் கதிரையையே கேளுங்கள் என்றுதான் சொன்னேன். அவருடைய வீடு தாழ்நிலத்தில் இருக்கிறது, மாரியும் நெருங்குகிறது. கிரவல் வீதிக்கு எது நல்லது என்பதை விட, அவசரத்தில் எதை ஏற்றுவார்கள் என்பதை வைத்து ஒருவர் கதிரை தெரிவு செய்ய வேண்டியிருப்பது எனக்குக் கடும் கோபத்தைத் தருகிறது. என்றாலும் அவருக்குப் புண் வருவதை விட, ஒழுங்கையில் சில்லுப் புதைவது மேல்.

எந்தக் கதிரை கிடைத்தாலும், மழைக்கு முன்பே கிராம அலுவலரின் பட்டியலில் பெயருக்குப் பக்கத்தில் 'சக்கர நாற்காலியும் மெத்தையும் சேர்த்து ஏற்ற வேண்டும்' என்று எழுதுவித்து, அதன் பிரதி ஒன்றைக் கையொப்பத்தோடு வாங்கி வைக்கும்படியும் அவரிடம் சொல்லியிருக்கிறேன். மெத்தையைப் போட்டுக் கட்ட ஒரு தடித்த பொலித்தீன் உறையும் வேண்டும். அது உரப்பை விற்கும் கடைகளிலேயே கிடைக்கும்.