எபாக்ஸி மேல் அடிக்க பிரைமர் வாங்குகிறீர்களா? ஹார்டனர் டப்பாவை முதலில் பாருங்கள்

கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. புகார் நடந்துகொண்டிருக்கிறது. ஆனால் எந்தச் சரக்கை எந்தச் சரக்கு என்று சொல்லித் தலையில் கட்டினார்கள் என்பதை விவரமாகச் சொல்லிவிடுகிறேன். படகு, சர்ஃப் போர்டு, பைக் பாடி எதுவானாலும் எபாக்ஸி மேல் பெயின்ட் அடிக்கப் போகிற யாரிடமும் இந்த வித்தையைக் காட்டலாம்.

வள்ளம் என் அத்தானுடையது. குமரி மாவட்டக் கரையில் 1980களிலிருந்து ஓடுகிற பிளைவுட் வள்ளம் வகை. பழைய பிளைவுட் மேல் கண்ணாடி நார்த் துணி விரித்து எபாக்ஸி ரெசின் (ஹார்டனர் என்ற இரண்டாவது திரவத்தைக் கலந்தால் இறுகிக் கெட்டியாகும் பிசின்) பூசியிருந்தோம். ஆசாரியின் வேலையில் குறை சொல்ல இடமில்லை. ரெசினையும் ஹார்டனரையும் தராசில் நிறுத்துத்தான் கலந்தார். கடற்கரை ஈரக் காற்றில் எபாக்ஸி இறுகும்போது மேலே மெழுகு மாதிரி ஒரு வழவழப்பு படியும். ஹார்டனரில் உள்ள அமீன் காற்றின் ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் சேர்ந்து உண்டாக்குவது அது. தேய்ப்பதற்கு முன்பே நல்ல தண்ணீர் விட்டு அதைக் கழுவிவிட வேண்டும். அவர் கழுவினார், காயவிட்டார், பிறகு 80 நம்பர் உப்புத்தாளால் பளபளப்பு போகிற வரை தேய்த்துக் கொடுத்தார்.

எபாக்ஸியை வெயிலில் அப்படியே விட முடியாது. புற ஊதாக் கதிர் பட்டால் மஞ்சளித்து, நாளாக ஆக மேலே பொடிந்து உதிரும். அதனால் டூ பேக் (ஹார்டனர் தனியாக வருகிற) எபாக்ஸி பிரைமர், அதற்கு மேல் டூ பேக் பி.யு. (பாலியூரித்தேன்) பெயின்ட் வெள்ளை என்று முடிவு செய்து, அதையே கடையில் கேட்டோம். பில்லிலும் ‘எபாக்ஸி பிரைமர் வெள்ளை’ என்றுதான் எழுதித் தந்தார்கள். “நம்ம பெயின்டரே வந்து அடிச்சுத் தருவான் தம்பி, கேரண்டி” என்று கூலியையும் சேர்த்தே வாங்கிக்கொண்டார் அண்ணாச்சி.

நான் கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது ஒரு பக்கம் முழுக்க அடித்து முடித்திருந்தார் பெயின்டர். தூரத்திலேயே நெடி அடித்தது. ஃபைபர் பட்டறை வாசலில் வருமே, மூக்கில் ஏறுகிற அந்த ஸ்டைரீன் நெடி. எபாக்ஸி பிரைமரில் தின்னர் வாசனை வரும், இது வராது. பக்கத்தில் கையடக்கமான ஒரு பிளாஸ்டிக் குப்பி. அதிலிருந்து தண்ணீர் போன்ற ஒன்றை மூடியால் அளந்து டின்னில் ஊற்றிக் கலக்கிக்கொண்டிருந்தார்.

“எண்ணே, இது ஜெல்கோட்தானே?”

“பேருதான் வேற தம்பி. எல்லாத்துக்கும் பிடிக்கும்.”

பிடிக்காது. ஜெல்கோட் என்பது ஃபைபர் படகுகளின் வெளிப்பூச்சு, பாலியஸ்டர் ரெசின் இனம். குப்பியில் இருக்கிற பெராக்சைடு 1 முதல் 2 சதவீதம் விட்டாலே ஸ்டைரீனும் ரெசினும் சங்கிலியாகக் கோத்து இறுகிவிடும். எபாக்ஸி இறுகுகிற வழியே வேறு. அதில் ஹார்டனரும் ரெசினோடு நேரடியாகச் சேர்ந்து பொருளின் ஒரு பகுதியாகவே ஆகிவிடுகிறது. எபாக்ஸியில் மிச்சமிருக்கும் அமீன் மேலே அடித்த ஜெல்கோட்டின் சங்கிலியை அறுத்துவிடும். அதனால் இரண்டும் தொடுகிற இடத்தில் மட்டும் ஜெல்கோட் இறுகாமல் பசையாகவே கிடக்கும். எபாக்ஸி நன்றாக இறுகி, கழுவித் தேய்த்திருந்தால் சில சமயம் ஜெல்கோட்டும் இறுகிவிடும்தான். ஆனாலும் அந்தப் பிடிமானத்தை நம்பிக் கடலில் இறக்க முடியாது. தலைகீழாக, பழைய பாலியஸ்டர் படகு மேல் எபாக்ஸி பூசுவதில் பிரச்சினை இல்லை, நன்றாகத் தேய்த்தால் போதும். இந்த இரண்டையும் குழப்பித்தான் ‘எல்லாத்துக்கும் பிடிக்கும்’ என்று அடித்து விடுகிறார்கள்.

மறுநாள் மேல்பக்கம் ஓரளவு காய்ந்த மாதிரி இருந்தது. விளிம்பில் நகத்தைக் கொடுத்து இழுத்தேன். வாழைப்பட்டை மாதிரி நீளமாக உரிந்து வந்தது. அடிப்பக்கம் ஈரப் பசை, விரலில் இழுபட்டது. கீழே எபாக்ஸியில் ஆசாரி உப்புத்தாளால் தேய்த்த கோடுகள் ஒன்று விடாமல் தெரிந்தன. ஒரு பொட்டு வெள்ளைகூட அதில் தங்கவில்லை.

கடைக்காரரின் முதல் பதில், காற்றில் ஈரம். அடுத்தது, “உங்க எபாக்ஸி மட்டம்.” மூன்றாவதுதான் உச்சம்: மேலே சிந்தெடிக் எனாமல் ஒரு கோட் அடித்தால் இறுகிவிடுமாம், அதையும் அவரிடமே வாங்க வேண்டுமாம்! அத்தான் ஓர் ஓரத்தில் மட்டும் அடித்துப் பார்க்கச் சொன்னார். எனாமல் சுருங்கி மடிப்பு மடிப்பாக நின்றது.

அப்புறம் காலி டின்னைத் தின்னர் துணியால் துடைத்தோம். ஸ்டிக்கர் கழன்றது. அடியில் ஜெல்கோட் என்று அச்சாகியிருந்தது. பேட்ச் எண்ணும் தயாரித்த மாதமும் இருக்க வேண்டிய இடத்தைச் சுரண்டியிருந்தார்கள். ஜெல்கோட்டுக்கு ஆயுள் பொதுவாகச் சில மாதங்கள்தான். விற்காமல் தேங்கிய சரக்கை எங்கள் பக்கம் தள்ளிவிட்டார்கள் என்பது என் கணிப்பு. திறக்காத டின் ஒன்று மிச்சமிருந்தது. அதிலிருந்து கொஞ்சம் எடுத்து, ஒரு கண்ணாடித் துண்டிலும் எங்கள் எபாக்ஸியின் வெட்டுத் துண்டிலும் பூசினோம், வீடியோ எடுத்துக்கொண்டே. கண்ணாடியில் பூசியதன் அடிப்பக்கம் கல் மாதிரி இறுகியிருந்தது. எபாக்ஸியில் பூசியது அடியில் பசை. ஈரக் காற்றுக் கதை அதோடு முடிந்தது.

வாங்கப் போகிறவர்கள் ஹார்டனரைத்தான் முதலில் பார்க்க வேண்டும். எபாக்ஸி பிரைமர் என்றால் ஹார்டனர் இரண்டாவது டின்னாகவே வரும். ஒன்றுக்கு ஒன்று, நாலுக்கு ஒன்று என்று கம்பெனி சொல்கிற கணக்கு டின்னிலேயே இருக்கும். கையடக்கக் குப்பியைக் கொடுத்துச் சொட்டுக் கணக்கு சொன்னால் அது பாலியஸ்டர், திருப்பிக் கொடுத்துவிடுங்கள். டேட்டா ஷீட் கேளுங்கள். எந்தப் பரப்பின் மேல் அடிக்கலாம், அடுத்த கோட் எத்தனை மணி நேரத்துக்குள் அடிக்க வேண்டும் என்று அதில் இருக்கும். ‘எட்ச் பிரைமர்’ என்று ஒன்றைக் காட்டுவார்கள், அது உலோகத்துக்கானது, அதில் அமிலம் இருக்கிறது, எபாக்ஸிக்கு வேண்டாம். இன்னொன்று: அதே கடையில் கண்ணாடி நார்த் துணிக்குப் பதிலாகச் சாதாரண மேட் (வெட்டிய கண்ணாடி நார்களை நெய்யாமல் பசையால் ஒட்டிய விரிப்பு) வாங்கச் சொன்னார்கள். அந்த மேட்டின் நார்களை ஒட்டிவைத்திருக்கும் பசை ஸ்டைரீனில் கரைவது. எபாக்ஸியில் ஸ்டைரீன் கிடையாது, மேட் விறைப்பாகவே நிற்கும், வளைவில் படியாது. நல்லவேளை, ஆசாரியே வேண்டாம் என்றுவிட்டார்.

எதை வாங்கினாலும் முழுப் படகில் அடிக்கும் முன் ஒரு வெட்டுத் துண்டில் பூசி, இறுகிய பிறகு பிளேடால் குறுக்கும் நெடுக்கும் கீறி, மேலே டேப் ஒட்டிச் சட்டென்று இழுத்துப் பாருங்கள். அந்தத் துண்டில் அடித்துக் காட்டச் சொன்னால் கடை ஆள் முகத்தில் விஷயம் தெரிந்துவிடும்.

நாங்கள் எல்லாவற்றையும் சுரண்டி, மறுபடி தேய்த்து, வேறு கடையில் சரியான டூ பேக் பிரைமரும் பி.யு.வும் வாங்கி அடித்தோம். வெள்ளைதான். சாதாரண வெப்பத்தில் இறுகும் எபாக்ஸிகள் பல 50, 60 டிகிரி தாண்டினால் இளக ஆரம்பிக்கும். கருநிறம் அடித்த படகு மணலில் கிடந்தால் அந்தச் சூடு சாதாரணமாக வந்துவிடும்.

பணத்தைக் கேட்டதற்குக் கடைக்காரர் எடுத்த கடைசி ஆயுதம், “தொழிலுக்கு வாங்கினது, நீங்க நுகர்வோரே கிடையாது.” 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிகத்துக்கு வாங்குவதை விலக்குவது உண்மை. ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பதற்காக வாங்கியது அந்த விலக்கில் வராது என்று அதே சட்டம் சொல்கிறது. சொந்த வள்ளத்தில் தானே கடலுக்குப் போகிறவர் நுகர்வோர்தான். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்தோம், இப்போது மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு எழுதியிருக்கிறோம். 5 லட்சம் வரையிலான பொருளுக்கு அங்கே கட்டணமில்லை, இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும்.

குமரிப் பக்கம் சமீபத்தில் ‘எபாக்ஸி பிரைமர்’ வாங்கி இப்படி உரிந்தவர்கள் இருந்தால் டின்னைக் காயலான் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஸ்டிக்கரை நீங்களாகப் பிரிக்காமல் முதலில் போட்டோ எடுங்கள், பில்லோடு சேர்த்து வையுங்கள், உரிந்த பட்டையில் ஒரு துண்டையும் கவரில் போட்டு மூடி வையுங்கள். பிறகு எனக்கு ஒரு தகவல் கொடுங்கள்.