சயின்டிஃபிக் கால்குலேட்டர்: ஒரு மாதம் அழுத்திப் பார்த்ததில்

கும்பகோணம் மகாமகக் குளத்துப் பக்கம் ஒரு கடையில், எம்.எஸ்சி. கணிதத்துக்காக வாங்கினேன். இதன் உயிரே, கடைசியாக வந்த விடையை எடுத்துக்கொடுக்கும் ‘ஆன்ஸ்’ பட்டன்தான். கோண அளவை ரேடியனில் வைத்து, வந்த விடைக்கே திரும்பத் திரும்ப காஸ் (கொசைன்) எடுத்துக்கொண்டே இருந்தால், எந்த எண்ணில் தொடங்கினாலும் 0.739085-இல் வந்து நிற்கிறது. அதுதான் நிலைப்புள்ளி, அதாவது காஸ் எடுத்தாலும் மாறாத எண்.

அப்புறம் 4×ஆன்ஸ்×(1−ஆன்ஸ்) அடித்து, சமக்குறியைத் தட்டிக்கொண்டே போனேன். 0.75-இல் தொடங்கினால் அசையவே இல்லை. 0.7501 என்றால் விலகல் தட்டலுக்குத் தட்டல் ஏறக்குறைய இரட்டிப்பாகி, பத்துப் பதினைந்து தட்டலில் கேயாஸ், எண்கள் ஒழுங்கில்லாமல் தாவுகின்றன. மேட்டூர் தண்ணீர் கடைமடைக்கு வரும் நாள் மாதிரி, கணிக்க முடியாது! 4-க்குப் பதில் 2.8 வைத்தேன், சாதுவாக 0.642857-க்கு வந்துவிட்டது.

குறை? சமக்குறி பட்டன் இப்போதே லொடலொடக்கிறது. மாற்றித் தரக் கேட்டால், “இப்படி அழுத்தினா எதுதான் தாங்கும் தம்பி?” என்கிறார் கடைக்காரர்.