சித்திரையில் வடுவூர் ஏரி: 600 ரூபாய் பறவை நடைக்குப் போய்வந்தேன்

வடுவூர் ஏரிக்குப் போவதென்றால் மார்கழி, தை மாதத்தில் போக வேண்டும், பங்குனி தாண்டினால் அங்கே என்ன இருக்கிறது என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். தஞ்சாவூரிலிருந்து மாதம் ஒரு ஞாயிறு பறவை பார்க்கக் கூட்டிப்போகும் ஒரு தம்பியைப் பற்றி அலுவலகத் தோழி சொன்னபோது, சித்திரை வெயிலில் யார் போவார்கள் என்று தட்டிக் கழித்தேன். அவள் விடவில்லை. சரி என்று போன ஞாயிறு பத்து வயது மகனையும் அழைத்துக்கொண்டு போய்வந்துவிட்டேன். யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தாராளமாகப் போங்கள். சொந்தமாக பைனாகுலர் இருந்தால் கட்டாயம் எடுத்துக்கொண்டு போங்கள், காரணம் பின்னால் சொல்கிறேன்.

பெரியவர்களுக்கு 600 ரூபாய், பிள்ளைகளுக்குப் பாதி. வேன், காலைச் சாப்பாடு, இரவல் பைனாகுலர் எல்லாம் இதில் அடக்கம். விடிகாலை 4.45க்குப் பழைய பேருந்து நிலையத்தில் ஏற்றிக்கொண்டார்கள், மன்னார்குடி சாலையில் 25 கிலோமீட்டர் போல, இருட்டு பிரியும் நேரத்தில் ஏரிக்கரையில் நின்றோம். மொத்தம் 11 பேர். 12 பேருக்கு மேல் சேர்ப்பதில்லையாம்.

ஏரியைப் பார்த்ததும் எனக்கு முகம் வாடித்தான் போயிற்று. இந்த ஏரிக்குத் தண்ணீர் தரும் மேட்டூர் அணையை வழக்கமாக ஜனவரி 28ஆம் தேதி மூடிவிடுவார்கள், அதற்கப்புறம் ஆற்றிலிருந்து வரத்து கிடையாது, இருக்கிற தண்ணீர் நாளுக்கு நாள் வற்ற வேண்டியதுதான். உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2022இல் சேர்ந்த ஏரி என்று மகனிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு வந்தேன், எதிரே கிடந்ததோ பாதிக்கு மேல் வெடித்த சேறு. ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, தட்டைவாயன் எல்லாம் வடக்கே கிளம்பிப் போயிருந்தன. நான் பேசாமல் நின்றதைத் தம்பி கவனித்திருக்க வேண்டும்.

"அக்கா, தண்ணி சுருங்குனாத்தான் நமக்கு நல்லது. ஏரி பூராவும் பரந்து கிடந்த மீனும் நத்தையும் இப்ப நாலு குட்டைக்குள்ள வந்துருச்சு. பறவையும் அங்கயேதான் நிக்கும், எங்கயும் தேட வேணாம்" என்றார்.

அப்படியேதான் இருந்தது. கரைக்குப் பக்கத்துக் குட்டையிலேயே நத்தைகுத்தி நாரை நாற்பதுக்குக் குறையாது, ஊடே வெள்ளை அரிவாள்மூக்கன், ஓரத்தில் தனியாக ஒரு கூழைக்கடா. நத்தைகுத்தியின் அலகு மூடினாலும் நடுவில் சேராது, ஒரு சந்து இருக்கும். அந்தச் சந்தில் வைத்து நத்தையைப் பாக்குவெட்டி மாதிரி நொறுக்கித் தின்னும் என்று என் மாமனார் சொல்வார், இத்தனை வருடம் நானும் நம்பிக்கொண்டிருந்தேன். டெலஸ்கோப்பில் கால் மணி நேரம் பார்த்தோம், அது ஓட்டை உடைக்கவே இல்லை. அலகின் நுனியை நத்தையின் வாய்க்குள் விட்டு, சதையை ஓட்டோடு பிடித்து வைத்திருக்கும் தசையை அறுத்து, முழுசாக உருவி விழுங்கிவிட்டுக் காலி ஓட்டைச் சேற்றில் போட்டுவிடுகிறது. குஞ்சுகளுக்கு இந்தச் சந்தே கிடையாது, வளர வளரத்தான் விழும் என்று தம்பி சொன்னார். என் மகன் கரையோரம் கிடந்த ஓடுகளைப் பொறுக்கி ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தான், ஒன்றுகூட நொறுங்கியிருக்கவில்லை.

கோடையின் தொடக்கத்தில் போனால்தான் கிடைக்கிற காட்சி இன்னொன்று உண்டு. வருடம் முழுக்க நம் வயலில் பார்க்கிற அதே கொக்குகள்தான், நிறம் மாறி நிற்கின்றன. மடைவாயில் மண் நிறத்தில் கூனிக்கொண்டு நிற்குமே மடையான், அதன் முதுகு நாவல் பழத்தைப் பிசைந்து பூசியதுபோல் கருஞ்சிவப்பாகிவிட்டது. உண்ணிக்கொக்கின் தலையும் கழுத்தும் மருதாணி வைத்த விரல் மாதிரி இருந்தன. மீசை ஆலாக்களுக்கு வயிறு கருத்துவிட்டது, ஊருக்குக் கிளம்பத் தயாராகிவிட்டன என்று அர்த்தம். நீளவால் இலைக்கோழி ஒன்று மட்டும் பாதி வளர்ந்த வாலோடு ஆகாயத்தாமரை மேல் நடந்துகொண்டிருந்தது. தையில் போயிருந்தால் இதில் ஒன்றுகூடப் பார்த்திருக்க முடியாது.

தம்பியிடம் எனக்குப் பிடித்தது, எல்லாப் பறவைக்கும் தமிழ்ப் பெயரை முதலில் சொல்கிறார். அதோடு நிற்காமல் கரையில் ஆடு ஓட்டி வந்த பெரியவரிடம் "ஐயா, அந்தக் கருப்புக் கோழிய இங்க என்ன சொல்லுவீங்க?" என்று கேட்டார். "நாமக்கோழி தம்பி. நெத்தியில பாரு, வெள்ளையா நாமம் போட்டிருக்கும்" என்றார் பெரியவர். மகன் அந்தப் பெயரை இனி ஜென்மத்துக்கும் மறக்க மாட்டான்.

ஏழரை மணிக்கு ஏரியை விட்டு வயல் பக்கம் நடந்தோம். உளுந்து அறுத்து முடிந்த நிலம், ஒரு டிராக்டர் கோடை உழவு ஓட்டிக்கொண்டிருந்தது, பின்னாலேயே உண்ணிக்கொக்கும் மைனாவும் கரிச்சானும். திடீரென்று தலைக்கு மேல் ஆள்காட்டிக் குருவி கத்த ஆரம்பித்தது. தம்பி எல்லோரையும் வரப்பிலேயே நிறுத்திவிட்டு, அங்கிருந்தே டெலஸ்கோப்பை வைத்துத் தேடிக் காட்டினார். கூடு என்று ஒன்றும் இல்லை, வெறும் தரையில் மண்கட்டி நிறத்திலேயே நான்கு முட்டை. நாங்கள் இன்னும் பின்வாங்கி ஒரு கருவேல நிழலில் உட்கார்ந்த பிறகுதான் அது அடங்கியது. அடுத்து நடந்ததுதான் இந்தக் காலையிலேயே எனக்குப் பெரிது. ஆள்காட்டி நேராக முட்டைக்குப் போகவில்லை, பக்கத்துப் பம்புசெட்டு வாய்க்காலுக்கு நடந்து போய், தண்ணீரில் உட்கார்ந்து வயிற்றை நன்றாக நனைத்துக்கொண்டு, சொட்டச் சொட்டத் திரும்பி வந்து முட்டை மேல் அமர்ந்தது. அந்த ஈரத்தால்தான் வெயிலில் முட்டை வேகாமல் காக்கிறதாம். நான் நெல் வயலுக்கு நடுவில் பிறந்து வளர்ந்தவள், இதை ஒருநாளும் நின்று பார்த்ததில்லை.

எங்களில் இரண்டு பேர் பக்கத்தில் போய் மொபைலில் ஒரு படம் எடுத்துக்கொள்கிறோம் என்று கேட்டார்கள். தம்பி முகம் கோணாமல் மறுத்துவிட்டார்: நாம் நிற்கிற நேரம் முழுக்கத் தாய் வெளியே நிற்கும், முட்டை வெயிலில் கிடக்கும், காக்கையும் பார்த்துக்கொண்டிருக்கும். டிராக்டர்காரரிடம் போய் "அண்ணே, அந்த மூலையில ஆள்காட்டி முட்டை இருக்கு" என்று ஆரம்பித்தார். அவர் இறங்கக்கூட இல்லை. "நேத்தே பாத்துட்டேன் தம்பி. செங்கல் நட்டு வச்சிருக்கேன் பாரு, அத விட்டுத்தான் ஓட்டுவேன்."

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், போன வருடம் கோடியக்கரைக்கு வேறொரு குழுவோடு போயிருந்தேன், கட்டணம் இதைவிட நான்கு மடங்கு. ஆறுமணிக்குருவியைக் காட்டுகிறோம் என்று அதன் குரலை ஸ்பீக்கரில் திரும்பத் திரும்பப் போட்டார்கள், தன் இடத்துக்கு வேறு குருவி வந்துவிட்டது என்று நினைத்து அது இரை தேடுவதை விட்டுவிட்டு எங்களைச் சுற்றிச் சுற்றி வந்தது. எல்லோருக்கும் நல்ல படம் கிடைத்தது. எனக்கு மனசு ஆறவில்லை, இன்றைக்கும் அந்தப் படத்தைத் திறந்து பார்ப்பதில்லை. இந்தத் தம்பி ஒரு முறைகூட போனில் குரல் போடவில்லை.

குறைகளும் உண்டு. 11 பேருக்கு ஐந்து பைனாகுலர் போதாது. எங்களுக்கு வந்தது எங்கேயோ கீழே விழுந்திருக்க வேண்டும், இரண்டு கண்ணாலும் பார்த்தால் ஒரு பறவை இரண்டாகத் தெரிந்தது, அரை மணியில் தலைவலி. சொன்னதும் தன்னுடைய 8×42 பைனாகுலரைக் கழற்றிக் கொடுத்துவிட்டார், அவருக்கு நன்றி, ஆனாலும் காசு வாங்கும்போது சரிபார்த்துத்தான் கொடுக்க வேண்டும். பெண்களுக்குக் கழிப்பறை ஏற்பாடு இல்லை, போகிற வழியில் பெட்ரோல் பங்க் ஒன்றில் நிறுத்தியதோடு சரி. காலைச் சாப்பாடு ஒரு சின்னக் கடையில் இட்லியும் கடப்பாவும், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் சாப்பாட்டுக்கு அப்புறம் பத்தரை வரை வாய்க்கால் கரையில் நடத்தியது அதிகம். வெயில் ஏறிவிட்டது, பறவையும் நிழலுக்குப் போய்விட்டது, பிள்ளைகள் துவண்டுவிட்டார்கள். சித்திரையில் ஒன்பது மணியோடு முடித்துக்கொள்ளலாம், தம்பியிடமும் சொல்லியிருக்கிறேன்.

சாயங்காலமே 54 பறவைகளின் பட்டியல் வாட்ஸ்அப்பில் வந்துவிட்டது, இ-பேர்டு என்ற பறவைப் பதிவு இணையதளத்திலும் ஏற்றியிருந்தார். தொப்பி, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், மங்கலான நிறத்தில் பருத்திச் சட்டை, இவ்வளவு இருந்தால் போதும். ஆள்காட்டி முட்டை பொரிய நான்கு வாரம் ஆகும் என்றார். வைகாசி முதல் ஞாயிறுக்கு எங்கள் இரண்டு பேருக்கும் இடம் சொல்லி வைத்துவிட்டேன். அந்தச் செங்கல் நட்ட மூலைக்குத்தான் முதலில் போக வேண்டும் என்று மகன் இப்போதே சொல்லிக்கொண்டிருக்கிறான்.