டிவி ரெக்கார்டு பண்ண ஒரு கம்ப்யூட்டர்: என்100-ஆ, ஐ3-யா, பழைய ஆபீஸ் சிஸ்டமா?

கோவை காந்திபுரத்தில் எந்தக் கடையில் ஏறி "டிவி ரெக்கார்டு பண்ற மாதிரி ஒரு சிஸ்டம் அசெம்பிள் பண்ணணுங்க" என்று சொன்னாலும், "பட்ஜெட் எவ்வளவுங்க, ஐ5 போட்டுக்கலாமா?" என்றுதான் பேச்சு ஆரம்பிக்கும். கேட்க வேண்டியது அது இல்லை. உங்கள் வீட்டுக்கு டிவி எந்த வழியில் வருகிறது என்பதுதான் முதலில் தெரிய வேண்டும். அது தெரிந்துவிட்டால் புராசசர், போர்டு, டிஸ்க் எல்லாம் பாதி தானாகவே முடிவாகிவிடும். தெரியாமல் வாங்கினால் அந்த சிஸ்டம் யூடியூப் பார்க்கத்தான் ஆகும்.

கொங்குப் பக்கம் இன்றைக்கு மூன்று வழிதான். கேபிள், காசு கட்டும் டிடிஎச், காசில்லாத டிடி ஃப்ரீ டிஷ். மொட்டை மாடியில் அலுமினியக் குச்சி ஆண்டெனா நட்டு டிடி பார்த்த காலம் போய்விட்டது. 2016-இல் தூர்தர்ஷன் டிஜிட்டல் தரைவழி ஒளிபரப்பைத் தொடங்கிய 16 நகரங்களில் தமிழ்நாட்டிலிருந்து சென்னை மட்டும்தான் இருந்தது. அதனால் ஆன்லைனில் மலிவாகக் கண்ணில் படும் தரைவழி ஒளிபரப்பைப் பிடிக்கும் டிவிபி-டி2 யூஎஸ்பி குச்சியோ, ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டர் மேல் உட்காரும் டிவி ஹேட்டோ கோவையில் இருப்பவருக்கு எதற்கும் ஆகாது. பழைய பொருள் விற்கும் இடங்களில் கிடைக்கும் பிடி878 சிப் போட்ட அனலாக் ட்யூனர் கார்டும் (கம்ப்யூட்டருக்குள் செருகிச் சேனல் பிடிக்கும் கார்டு) அப்படித்தான். அதற்கு வேண்டிய பழைய பிசிஐ ஸ்லாட் புது போர்டில் கிடையாது, அனலாக் கேபிளும் கிடையாது. கோவை 2013-லேயே டிஜிட்டலுக்கு மாற வேண்டிய இரண்டாம் கட்ட நகரப் பட்டியலில் இருந்த ஊர்.

கேபிளும் காசு கட்டும் டிடிஎச்சும் பூட்டுப் போட்டு வருபவை. சாவி செட் டாப் பாக்ஸுக்குள் இருக்கிறது. ஐரோப்பாவில் அந்தச் சாவியைத் தனி அட்டையாகக் கொடுப்பார்கள், அதைக் கம்ப்யூட்டரில் இருக்கும் ட்யூனரில் செருகிக்கொள்ளலாம். நம் ஊர் கேபிள்காரரிடம் போய் அதைக் கேட்டால் "என்னங்க அது?" என்பார். அதனால் எவ்வளவு விலை கொடுத்து ட்யூனர் கார்டு வாங்கினாலும் சன் டிவியோ விஜய் டிவியோ அதில் திறக்காது. இதைக் கடைக்காரர் சொல்ல மாட்டார், பெட்டி மேலும் எழுதியிருக்காது.

அப்படிப்பட்ட வீட்டில் இரண்டு வழி மிச்சம். ஒன்று, பாக்ஸிலேயே பென் டிரைவோ ஹார்டு டிஸ்கோ செருகி ரெக்கார்டு செய்வது. எல்லா பாக்ஸிலும் இந்த வசதி இருக்காது, ஆபரேட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இருந்தால் படம் வந்தது வந்தபடி, தரம் குறையாமல் பதிவாகும், கம்ப்யூட்டரே வேண்டாம். ஆனால் பதிவான ஃபைலும் பூட்டுப் போட்டதுதான், அதே பாக்ஸில்தான் ஓடும். பாக்ஸ் பழுதாகி மாற்றினால் டிஸ்கில் இருக்கும் எல்லாம் சும்மா இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கும். ஒரு வாரம் வைத்துப் பார்த்துவிட்டு அழிக்கும் சீரியலுக்கு இது போதும். பேத்தி உள்ளூர் சேனலில் பாடியதைப் பத்து வருஷம் வைத்துக்கொள்ள நினைப்பவருக்கு ஆகாது.

இன்னொன்று, பாக்ஸின் வெளியீட்டைப் பிடித்துக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுவருவது. எச்டிஎம்ஐ கேப்சர் குச்சிகள் மலிவாகவே கிடைக்கின்றன. செருகினால் பெரும்பாலும் கறுப்புத் திரைதான் வரும், ஏனென்றால் பாக்ஸ் தன் எச்டிஎம்ஐயில் எச்டிசிபி என்ற, காப்பி எடுக்க விடாத காப்பு போட்டு அனுப்புகிறது. அதைக் கழற்றும் ஸ்பிளிட்டர் பற்றியெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. சிவப்பு-மஞ்சள்-வெள்ளை வயர் வெளியீடு இருந்தால் அதைப் பிடிக்கலாம், ஆனால் கிடைப்பது 576 வரிப் படம். நாற்பது இன்ச் டிவியில் முகங்கள் மொழுக்கென்று தெரியும். இன்னொரு தொல்லை, பாக்ஸில் சேனல் மாற்றுவது கம்ப்யூட்டருக்குத் தெரியாது. நீங்கள் எட்டு மணி நிகழ்ச்சிக்கு நேரம் குறித்துவிட்டுப் போயிருப்பீர்கள், வீட்டில் யாராவது ஏழரைக்குச் சேனலை மாற்றிவிட்டால் அதுதான் பதிவாகும்.

ட்யூனர் கார்டுக்கு அர்த்தம் வருவது ஃப்ரீ டிஷில்தான். ஜிசாட்-15 செயற்கைக்கோள், 93.5 டிகிரி கிழக்கு. கோவையிலிருந்து பார்த்தால் தென்கிழக்கில், கிட்டத்தட்ட தலைக்கு மேல் என்கிற அளவுக்கு உயரத்தில் நிற்கிறது, ஏறத்தாழ 67 டிகிரி. அதனால் பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு நடுவில் வீடு இருந்தாலும் மட்டை மறைக்காத ஓரிடம் கிடைத்துவிடும். அதில் பல சேனல்கள் பூட்டில்லாமல் வருகின்றன. சிலவற்றுக்குப் பூட்டு உண்டு. தமிழ் என்று பார்த்தால் கொஞ்சம்தான். 2024 ஜனவரியில் பொதிகை என்ற பெயரை விட்டுவிட்டு டிடி தமிழ் ஆன நம் பழைய சேனல், கல்விச் சேனல்கள், அவ்வளவுதான் பெரிதாகச் சொல்ல. பழைய பாட்டுக் கச்சேரி, வயலும் வாழ்வும் மாதிரி நிகழ்ச்சி, டிடி ஸ்போர்ட்ஸில் வரும் ஆட்டங்கள் இவற்றைச் சேர்த்து வைக்க ஆசைப்படுபவருக்கு இது தங்கமான வழி. பதிவாகும் ஃபைல் உங்களுடையது, எந்தக் கருவியிலும் ஓடும்.

புராசசர் பேச்சு இங்கேதான் வர வேண்டும். செயற்கைக்கோளிலிருந்து வரும் படம் எம்பெக்-2 அல்லது எச்.264-ஆக ஏற்கெனவே சுருக்கப்பட்டுத்தான் வருகிறது. ட்யூனர் அதைப் பிடித்துக் கொடுக்கிறது, கம்ப்யூட்டர் அதை அப்படியே டிஸ்கில் எழுதுகிறது. இதற்குப் புராசசர் வேலை ஏறக்குறைய ஒன்றுமில்லை, பத்து வருஷப் பழைய சிஸ்டம்கூடத் தூங்கிக்கொண்டே செய்யும். கேப்சர் குச்சி அப்படி இல்லை. பாக்ஸ் விரித்துக் கொடுத்த படத்தைக் கம்ப்யூட்டர் மறுபடியும் சுருக்க வேண்டும், அதுவும் ஓடுகிற வேகத்திலேயே. வீடியோவைச் சுருக்கவென்றே சிப்பில் தனிப் பகுதி இருந்தால்தான் அது சுலபம். ஆக ட்யூனர்காரருக்கு ஒரு கம்ப்யூட்டர், கேப்சர்காரருக்கு வேறொரு கம்ப்யூட்டர்.

ட்யூனர்காரருக்கு என் ஓட்டு இன்டெல் என்100. 2023-இல் வந்தது, நாலு சின்ன கோர், 6 வாட் சிப். ஆஸ்ராக் என்100டிசி-ஐடிஎக்ஸ் என்று ஒரு போர்டு இருக்கிறது. புராசசர் அதிலேயே ஒட்டி வரும், மேலே ஃபேன் கிடையாது, லேப்டாப் சார்ஜர் மாதிரி 19 வோல்ட் அடாப்டரில் ஓடும், எஸ்எம்பிஎஸ்ஸே (பெட்டிக்குள் வைக்கும் பவர் சப்ளை) வேண்டாம். கார்டு செருக ஒரு பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட், டிஸ்க் மாட்ட இரண்டு சாட்டா. டிபிஎஸ் 6902 மாதிரி இரட்டை ட்யூனர் கார்டு ஒன்றும் இரண்டு டிஸ்கும் போட்டால் முடிந்தது. ரேம் ஒரே ஒரு குச்சிதான் போட முடியும், எட்டு ஜிபி தாராளம். குறை என்னவென்றால் பிற்காலத்தில் எதுவும் ஏற்ற முடியாது, இரண்டாவது கார்டுக்கு இடமில்லை, பையன் கேம் ஆடக் கேட்டால் கைவிரிக்க வேண்டியதுதான்.

அதே சிஸ்டத்தில் வீட்டு வேலை, பையன் படிப்பு, ஜிஎஸ்டி கணக்கு எல்லாம் ஓட வேண்டும் என்றால் ஐ3-12100. நாலு கோர், எட்டு த்ரெட், வீடியோ சுருக்க குவிக் சிங்க் உள்ளேயே இருக்கிறது. கேப்சர்காரருக்கும் இதுதான். கடையில் வாங்கும்போது பெயருக்குப் பின்னால் எஃப் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். 12100எஃப் கொஞ்சம் மலிவு, ஆனால் உள்ளே கிராபிக்ஸே கிடையாது, குவிக் சிங்க்கும் போச்சு. "தனியா ஒரு கிராபிக்ஸ் கார்டு போட்டுக்கலாங்க" என்று சொல்வார்கள், அதற்குக் காசும் கரண்டும் யார் கட்டுவது?

ரைசன் 5 5600ஜி ஆறு கோர், பொதுவான வேலைக்கு ஐ3-யை விட ஒரு படி மேல், கேமும் சுமாராக ஓடும். ஆனால் அதன் வேகா கிராபிக்ஸ் எச்.264-இல் சுருக்கும் படம் இன்டெல் அளவுக்குத் தெளிவாக இருப்பதில்லை, ஏவி1 என்ற புது வகை வீடியோவை ஹார்டுவேரில் விரிக்கவும் தெரியாது. ரெக்கார்டிங் இரண்டாம்பட்சம் என்பவர் இதை எடுக்கலாம்.

கம்பெனிகள் கழித்துவிட்ட ஆபீஸ் சிஸ்டம்தான் நான்காவது. விலைக்கு இதை அடிக்க எதுவும் இல்லை. எட்டாம் தலைமுறை ஐ5 என்றால் எடுக்கலாம், விண்டோஸ் 11 முறைப்படி அதிலிருந்துதான் ஆரம்பம், 10-பிட் எச்இவிசி வகை வீடியோவும் ஓடும். ஆறாம் தலைமுறை என்றால் இரண்டும் இல்லை. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபரோடு முடிந்துவிட்டதால் அதில் லினக்ஸ் போடத் தெரிந்தவர் மட்டும் கை வையுங்கள். ஒல்லிப் பெட்டி என்றால் ட்யூனர் கார்டுக்குக் குட்டைத் தகடு வேண்டும், வாங்கும் முன்பே கேளுங்கள். கையளவு மினி பெட்டியில் ஸ்லாட்டே இருக்காது. இவற்றில் பலதில் எஸ்எம்பிஎஸ் அந்தக் கம்பெனியின் தனி அளவு, போனால் கடையில் மாற்று சட்டென்று கிடைக்காது.

கரண்ட் கணக்கையும் பார்த்துவிடலாம். ரெக்கார்டர் இரவும் பகலும் ஓடும் பொருள். ஈபி பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, அதாவது 1,440 மணி நேரம். என்100 சிஸ்டம் டிஸ்கோடு சேர்த்து 15 வாட் இழுத்தால் ஒரு பில்லில் சுமார் 22 யூனிட். ஐ3 சிஸ்டம் 30 வாட் என்று வைத்தால் 43. பழைய கிராபிக்ஸ் கார்டோடு இருக்கும் டவர் 70 வாட் இழுத்தால் 100 யூனிட், அரசு வீட்டுக்கு இலவசமாகத் தரும் 100 யூனிட்டை இது ஒன்றே தின்றுவிடும். 500 யூனிட்டைத் தொடும் வீட்டில் இது ஒன்றே ஸ்லாபைத் தாண்ட வைக்கும். பழைய சிஸ்டம் சும்மா கிடைத்தாலும் சும்மா ஓடாது.

டிஸ்க் விஷயத்தில் குழப்பமே வேண்டாம். சிசிடிவி கடைகளில் கிடைக்கும் டபிள்யூடி பர்ப்பிள் அல்லது சீகேட் ஸ்கைஹாக் போடுங்கள், இரவும் பகலும் எழுதிக்கொண்டே இருக்கச் செய்தவை. திருப்பூரில் கேமரா இல்லாத கம்பெனி ஏது, அதனால் எந்த ஊரிலும் ஸ்டாக் இருக்கும். டபிள்யூடி புளூ, பாரகுடா இவற்றின் பெரிய அளவுகள் பலதும் எஸ்எம்ஆர் வகை, தடங்களை ஒன்றின் மேல் ஒன்று ஏற்றி எழுதுபவை. மூன்று நிகழ்ச்சி ஒரே நேரத்தில் பதிவாகும்போது அவை திணறலாம். எச்டி சேனல் 8 எம்பிபிஎஸ் என்றால் மணிக்கு 3.6 ஜிபி. நாலு டிபி டிஸ்கில் ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் நிற்கும். விண்டோஸோ லினக்ஸோ தனியாக ஒரு சின்ன எஸ்எஸ்டியில் இருக்கட்டும்.

பவர் பற்றி வெளியூர்க்காரர்கள் எழுதும் ஒப்பீடுகளில் நமக்கு வேண்டியது இருக்காது. பல்லடம், சோமனூர்ப் பக்கம் தறிக்குடோனை ஒட்டிய வீட்டில் ஓடிய ஒரு சிஸ்டத்தின் எஸ்எம்பிஎஸ்ஸைக் கழற்றிப் பார்த்தால் தெரியும். ஃபேன் வலையில் பஞ்சு கம்பளித் துணி மாதிரி படிந்து, விரலால் உரித்தால் ஒரே தகடாக வரும். காற்றே போகாமல் உள்ளே கெபாசிட்டர் தலை உப்பியிருக்கும். ஃபேன் இல்லாத என்100 போர்டை நான் தூக்கிப் பிடிப்பதற்குப் பாதிக் காரணம் இதுதான். ஐ3 போடுபவர் கேபினெட்டோடு இலவசமாக வரும் எஸ்எம்பிஎஸ்ஸைக் கடையிலேயே விட்டுவிட்டு நல்லதாக ஒன்று வாங்குங்கள், முன்பக்கம் கழுவிப் போடும் வலை உள்ள கேபினெட் பாருங்கள். தோட்டத்துச் சாளையில் வைப்பவர்களுக்குப் பஞ்சுத் தொல்லை இல்லை, மோட்டார் ஓடும்போது வோல்டேஜ் இறங்கும் தொல்லை உண்டு. வோல்டேஜைத் தானே சரிசெய்யும் லைன் இன்டராக்டிவ் யுபிஎஸ் ஒன்று கட்டாயம். வீட்டு இன்வர்ட்டர் போதும் என்று விடாதீர்கள். ஸ்கொயர் வேவ் இன்வர்ட்டரில் ஆக்டிவ் பிஎஃப்சி (கரண்டைச் சீராக இழுக்கும் சுற்று) உள்ள நல்ல எஸ்எம்பிஎஸ் சில சமயம் கரண்ட் மாறும்போது அணைந்துவிடும். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையில் கரண்டை நிறுத்தினால் சாயங்காலம்தான் வரும், எந்தச் சின்ன யுபிஎஸ்ஸும் அவ்வளவு நேரம் தாங்காது. அதற்கு பயாஸில் (போர்டின் அடிப்படை செட்டிங்கில்) போய், கரண்ட் திரும்பியதும் தானே ஆன் ஆகும்படி வைத்துவிடுங்கள். இதைச் செய்யாமல் இரவு நிகழ்ச்சி போச்சே என்று புலம்புபவர்கள் அதிகம். மாடி டிஷ்ஷிலிருந்து வரும் வயர் நேராகக் கம்ப்யூட்டருக்குள் நுழைகிறது, கோடை இடிமழையில் அது வழியாகவும் அடி வரும், வயர் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் எர்த் கொடுக்கச் சொல்லுங்கள்.

சாஃப்ட்வேரில் லினக்ஸ் என்றால் டிவிஹெட்எண்ட், விண்டோஸ் என்றால் நெக்ஸ்ட்பிவிஆர், இரண்டுமே இலவசம். டிவிஹெட்எண்டில் ஒரே டிரான்ஸ்பாண்டரில் (செயற்கைக்கோளிலிருந்து பல சேனல்களைச் சேர்த்து அனுப்பும் அலைவரிசை) வரும் சேனல்கள் எத்தனையானாலும் ஒரே ட்யூனரில் சேர்த்துப் பதியலாம், அதனால் நாலு ட்யூனர் கார்டுக்கு ஆசைப்படத் தேவையில்லை. இரண்டு ட்யூனரையும் தனித்தனியாக ஓட்ட இரண்டு வாய் உள்ள எல்என்பியும் (டிஷ் முன்னால் சிக்னலைப் பிடிக்கும் தலை) இரண்டு வயரும் வேண்டும், ஒரு வயரைப் பிரித்துக் கொடுத்தால் வேலைக்கு ஆகாது. டிபிஎஸ் டிரைவர் லினக்ஸோடு சேர்ந்து வருவதில்லை, லினக்ஸின் உட்கருவான கெர்னல் மாறும்போதெல்லாம் மறுபடி ஏற்ற வேண்டும், ஆகவே தானியங்கி அப்டேட்டை நிறுத்தி வையுங்கள்.

வாங்கும் வரிசையும் முக்கியம். ட்யூனர் கார்டு உள்ளூர்க் கடையில் கிடைக்காது, வரவழைக்க வேண்டியதுதான். அதை முதலில் வாங்கி, வீட்டிலோ பக்கத்திலோ இருக்கும் ஏதாவது பழைய சிஸ்டத்தில் செருகி, டிஷ் வயரைக் கொடுத்து, உங்களுக்கு வேண்டிய சேனல் திறக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். திறக்கவில்லை என்றால் திருப்பி அனுப்பலாம். போர்டுக்கும் டிஸ்குக்கும் காந்திபுரம் போவது அதற்கு அப்புறம்.