ஐஸ்ஃபீல்ட்ஸ் பார்க்வேக்கு 25 அடி மோட்டார் ஹோம்: எஞ்சினில் குறையில்லை, பேட்டரியில்தான்

கனடாவின் ராக்கி மலைகளைச் சுற்ற வாடகைக்கு எடுப்பவர்கள் பெரும்பாலும் போய் நிற்பது 25 அடி ‘சி’ வகை மோட்டார் ஹோமில்தான். ஃபோர்டு ஈ-450 சேஸிஸ், ஓட்டுநர் தலைக்கு மேல் ஒரு படுக்கை, பின்னால் ஒரு படுக்கை, நடுவில் அடுப்பு, ஃபிரிட்ஜ், கழிப்பறை. லேக் லூயிஸிலிருந்து ஜாஸ்பர் வரையுள்ள சுமார் 230 கி.மீ. மலைச்சாலையான ஐஸ்ஃபீல்ட்ஸ் பார்க்வேக்கு இந்த அளவே சரி. இடம் தாராளமாக இருக்கட்டும் என்று 30 அடிக்குப் போனால், வில்காக்ஸ் போன்ற முகாம்களில் வண்டியைத் திருப்பவே திண்டாட வேண்டிவரும்.

ஏற்றத்தில் 7.3 லிட்டர் வி8 சத்தம் போடுமே தவிரத் திணறாது. போ கணவாயும் சன்வாப்டா கணவாயும் 2,000 மீட்டருக்கு மேலே இருக்கின்றன. இரண்டையும் சுலபமாக ஏறிவிடும். கவனம் தேவைப்படுவது இறக்கத்தில். சன்வாப்டாவிலிருந்து தெற்கே இறங்கும்போது ‘டோ/ஹால்’ பொத்தானை மேட்டிலேயே அழுத்திவிட வேண்டும். அப்புறம் பிரேக்கை ஒருமுறை அழுத்தினால் கியர் தானே குறைந்து எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். காலைப் பிரேக்கிலேயே வைத்திருந்தால் அது சூடேறிப் பிடிமானம் போய்விடும். 100 கி.மீ.க்கு 20 முதல் 30 லிட்டர் பெட்ரோல் குடிக்கும். வழியில் எரிபொருள் கிடைப்பது சஸ்காட்செவன் ரிவர் கிராஸிங்கில் மட்டும்தான், அதுவும் குளிர்காலத்தில் மூடியிருக்கும். லேக் லூயிஸிலேயே டேங்கை நிரப்பிவிடுங்கள். பங்கிலிருந்து கிளம்பும்போது ஸ்டியரிங்கை உடனே ஒடிக்காதீர்கள்: பின் அச்சுக்குப் பின்னால் நீண்டிருக்கும் பகுதி எதிர்ப்பக்கம் வீசி, தூணில் இடிக்கும்.

இனி இரவு. இந்த வண்டி சறுக்குவது இங்கேதான். வழியிலுள்ள வாட்டர்ஃபவுல் லேக்ஸ், ராம்பார்ட் கிரீக், வில்காக்ஸ் முகாம்கள் எதிலும் மின் இணைப்பு கிடையாது. ஆகஸ்டிலும் இரவில் உறைநிலையை ஒட்டிக் குளிரும். ஹீட்டர் எரிவது புரொபேனில் என்றாலும் அதன் விசிறி ஓடுவது பேட்டரியில், சுமார் 7 ஆம்பியர். எட்டு மணி நேர இரவில் பாதி நேரம் ஓடினாலே 28 ஆம்பியர்-மணி போச்சு. 100 ஆம்பியர்-மணி ஈய-அமில பேட்டரி என்றால் கெடாமல் எடுக்கக்கூடியது பாதிதான். விளக்கு, தண்ணீர் பம்ப், கேஸ் அலாரம் எல்லாம் சேர்ந்தாலும் முதல் இரவு தாங்கும். பகலில் வண்டியை ஓட்டாமல் அங்கேயே தங்கினால் இரண்டாம் இரவு நடுவில் விசிறி தளர்ந்து ஹீட்டர் நின்றுவிடும். கேஸ் தீர்ந்துவிட்டது என்றுதான் பலரும் நினைப்பார்கள். முதலில் வோல்ட்டைப் பாருங்கள். 12-க்குக் கீழே என்றால் பிரச்சினை பேட்டரிதான். வாடகைக்கு எடுக்கும்போதே பேட்டரி ஒன்றா இரண்டா, இன்வெர்ட்டர் உண்டா என்று கேளுங்கள். இன்வெர்ட்டர் இல்லாத வண்டியில் சுவர் சாக்கெட், மைக்ரோவேவ் எதுவும் ஜெனரேட்டர் இல்லாமல் வேலை செய்யாது. ஜெனரேட்டருக்கோ முகாமில் நேரக் கட்டுப்பாடு, பல நிறுவனங்களில் மணிக்கணக்கில் தனிக் கட்டணம் வேறு.

அடுப்பு மங்கலாக எரிந்தால் புரொபேன் டேங்க் வால்வை வேகமாகத் திறந்திருப்பீர்கள். பாதுகாப்பு வால்வு பாதி அடைத்துக்கொண்டிருக்கும். எல்லாவற்றையும் மூடி, சில நிமிடம் விட்டு, மெதுவாகத் திறந்தால் சரியாகிவிடும். பழைய கேஸ் ஃபிரிட்ஜாக இருந்தால் வண்டி சமமாக நிற்க வேண்டும், சாய்ந்து நின்றால் குளிராது. தாழ்ந்த பக்கச் சக்கரத்துக்கடியில் பலகை வைத்து ஏற்றுங்கள்.

கழிவுத் தொட்டியைக் காலி செய்யும்போது முதலில் கறுப்பு (கழிப்பறைக் கழிவு), பிறகு சாம்பல் (கழுவிய தண்ணீர்): சோப்புத் தண்ணீர் குழாயைக் கழுவிவிடும். கறுப்பு வால்வை இடையில் திறந்தே வைக்கக் கூடாது, நீர் வடிந்து திடக்கழிவு மட்டும் இறுகிவிடும். தொட்டி அளவுமானி ‘முக்கால்’ என்று காட்டுவதை நம்பவே வேண்டாம், சென்சாரில் காகிதம் ஒட்டியிருந்தாலும் அப்படித்தான் காட்டும்.

லேக் லூயிஸ் கரைக்கு இந்த வண்டியை ஓட்டிப்போவது வீண்வேலை. நிறுத்த இடம் கிடைக்காது. மொரெய்ன் ஏரிச் சாலையில் 2023 முதல் தனியார் வண்டிகளுக்கே அனுமதியில்லை. வண்டியைப் பனிச்சறுக்கு மையத்திலுள்ள பார்க் அண்ட் ரைடில் விட்டு, முன்பதிவு செய்த ஷட்டிலில் போங்கள். லேக் லூயிஸ் கரையிலிருந்து மேலேயுள்ள ஆக்னஸ் ஏரிக்கு நடந்தால் ஒருவழி சுமார் 3.5 கி.மீ., ஏற்றம் 400 மீட்டர். மிரர் லேக் வரை அகலமான காட்டுப்பாதை, அதற்குமேல் செங்குத்து, கடைசியில் மரப்படிகள். மேலே ஒரு தேநீர் விடுதி இருக்கிறது; 1901-இல் கட்டிய பழைய கட்டடத்துக்குப் பதிலாகப் பின்னர் கட்டியது. ஜூன் மாதத்தில்கூட மேல்பகுதியில் பனி இறுகி வழுக்கும், ஷூவில் மாட்டும் ஸ்பைக் வேண்டும். கரடி ஸ்ப்ரே (கரடியை விரட்டும் மிளகாய் ஸ்ப்ரே) விமானத்தில் கொண்டுவர முடியாது, அங்கேயே வாங்க வேண்டும். வாங்கியதைப் பைக்குள் புதைக்காமல் இடுப்பில் மாட்டிக்கொள்ளுங்கள். வெயிலில் நிற்கும் வண்டியின் டாஷ்போர்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். 50 டிகிரி தாண்டினால் அந்த டப்பா வெடிக்கக்கூடும்.